வேம்புவின் கண்ணாடி ஊசி

வேம்பு கோழி வளர்ப்பதில்லை, சாப்பிடுவதுமில்லை. கண்ட இடத்தில் காலை வைத்துவிட்டு அதே காலோடு வீட்டுக்குள் வருகிற ஜீவன் என்பதற்கு மேல் கோழியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவின் அறுபது சொச்சம் கோழிகளும் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையால்தான் ஊசி போட்டுக்கொண்டன. போட்டு முடித்த பிறகு அவள் இரண்டு முறை குளிப்பாள்.

ராயபுரத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயாவாகச் சேர்ந்தபோது வயது இருபது. இப்போது ஐம்பத்து மூன்று. இடையில் முதலாளிகள் மூன்று பேர் மாறினார்கள், கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தது, லிஃப்ட் பழுதானது. வேம்பு மட்டும் மாறவில்லை. அவள் துடைத்த தரையில் டாக்டர்களே செருப்பைக் கழற்றலாமா என்று யோசிப்பார்கள். அங்கே மூத்த நர்ஸான எல்சி, புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவைப்பார்: “வேம்பு உங்க கையையே பார்த்தாங்கன்னா, காரணம் கேட்காதீங்க. போய்க் கழுவிட்டு வந்துடுங்க.”

இதற்கெல்லாம் ஓர் ஆரம்பம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஊரின் வேறொரு மூலையிலிருந்து வந்திருந்த ஒரு மாமியார், பிறந்த குழந்தையை வேம்பு குளிப்பாட்டக் கூடாது என்றுவிட்டாள். “இந்தப் பக்கத்து ஆளுங்க கலீஜு” என்று அவள் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் கேட்கும்படி மெதுவாக. வேம்பு சண்டை போடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டில் டெட்டால் வாங்கினாள். அந்தச் சண்டையைத்தான் முப்பத்து மூன்று வருடமாக அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்லலாம்.

ஆஸ்பத்திரி முழுக்கப் பிளாஸ்டிக் ஊசிக்கு மாறியபோது பழைய கண்ணாடி ஊசிகளை அட்டைப்பெட்டியில் போட்டு வெளியே வைத்தார்கள். வேம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு தடவை குத்திவிட்டுத் தூக்கி எறிகிற சாமானை அவளால் மதிக்க முடியவில்லை. கழுவவே முடியாத ஒன்று எப்படிச் சுத்தமாக இருக்க முடியும் என்பது அவள் கட்சி.

அந்த ஊசிக்கு வேலை கொடுத்தவள் எதிர்வீட்டு மரியம். வண்ணாரப்பேட்டை துணிக்கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். மொட்டைமாடியில் பத்தொன்பது நாட்டுக்கோழி வைத்திருந்தாள். கோழிகளைக் கூட்டமாகச் சாகடிக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஊசி போடவேண்டும், திருவொற்றியூரில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் அன்பரசனிடம் போகவேண்டும், ஆனால் பத்தொன்பது கோழியோடு ஏறினால் எந்த ஷேர் ஆட்டோக்காரரும் மூன்றாவது நிறுத்தத்தில் இறக்கிவிட்டுவிடுவார். எனவே நான்கு வருடத்துக்கு முன்பு, டாக்டரே ஒருநாள் வந்து, இறக்கைக்கடியில் தோலை எப்படித் தூக்கிப் பிடிப்பது, அரை மில்லி எப்படி ஏற்றுவது என்று வேம்புவுக்குக் காட்டிக்கொடுத்தார். அதன்பின் தெருவுக்கே சேர்த்து மருந்து மட்டும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வரும். வாங்கி வருவது மரியம். குத்துவது வேம்பு.

முந்தின நாளே கண்ணாடி ஊசியைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவாள். அப்புறம் விடிய விடிய டெட்டாலில் ஊறவைப்பாள். காலையில் எடுத்து ஸ்பிரிட்டில் அலசுவாள். குழாய்த் தண்ணீர் மட்டும் படவிடமாட்டாள். அந்தத் தெருவின் குழாயை அவள் அறிவாள்.

நான்கு வருடமும் ஒரு கோழிகூடச் சாகவில்லை. வேம்புவுக்குக் கைராசி என்றார்கள். அந்த நான்கு வருடமும் வெள்ளைக்கழிச்சல் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பரீட்சையே வைக்காத பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாஸ்தான்.

இந்த வருடம் மே மாதம் பரீட்சை வந்தது. மார்ச்சில் ஊசி போட்ட கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. பதினோரு நாளில் தெருவில் நாற்பதுக்கு மேல் போயிற்று. மரியமின் பத்தொன்பதில் மிஞ்சியது மூன்று.

எல்லோரும் மரியம் வீட்டு வாசலில் கூடி நின்றபோதுதான் வேம்பு அதைக் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. தன் ஊசிமேல் சந்தேகமே இல்லாத ஒருத்தி வேறெதைக் கேட்பாள்?

“இன்னாமே மரியம், ஊசி போட்டும் இப்டி ஆவுது? நீ மருந்து எடுத்தாந்தப்போ ஐஸு உருகிடுச்சா?”

மரியம் மருந்து வாங்கி வந்த நாளை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் ஷேர் ஆட்டோ முக்கால் மணி நேரம் நகரவில்லை.

“கொஞ்சம் உருகித்தாங்க்கா இருந்துச்சு” என்றாள்.

அவள் மகன் பிலால், துறைமுகத்தில் சரக்கு யார்டில் வேலை பார்ப்பவன், உள்ளேயிருந்து கத்தினான். “நான்தான் பைக்ல போயி எடுத்தாரேன்னு சொன்னேனே, கேட்டியாம்மா? ஆட்டோலதான் போவேன்னு நின்னே. இப்ப பாரு, தெரு மொத்தமும் சாவடிச்சிட்டே.”

தீர்ப்பு ஆகிவிட்டது. மரியம் மேல்முறையீடு செய்யவில்லை. மறுநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கோழி செத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், “என்னாலதான் ஆச்சு, மனசுல வெச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். கோழி வளர்க்காத வேம்புவிடம்கூட வந்து, “உன் கைராசிய நான் கெடுத்துட்டேங்க்கா” என்றாள். வேம்பு பெரிய மனதோடு அவளை மன்னித்தாள். பின்னாளில் அவளுக்கு நினைத்து நினைத்துக் கூசியது இந்த இடம்தான்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போகும்போது, தெருமுனையில் ஷாலுவின் வீட்டு வாசலில் நான்கு கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பதை வேம்பு பார்த்தாள். நான்கும் கொழுகொழுவென்றிருந்தன.

“உன்துங்க மட்டும் எப்டிமே பொயச்சுகினு கீதுங்கோ?”

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஷாலு தலையைப் பின்னிக்கொண்டே சிரித்தாள். “நீங்கதான ஆன்ட்டி ஊசி போட்டீங்கோ? மறந்துட்டீங்களா? கடை தொறக்கணும்னு மொத ஆளா வந்தேனே. உங்க ஊசி காயலன்னு சொன்னீங்க. நான் கடையிலேர்ந்து கொண்டாந்த ஊசியில போடச் சொன்னேன். மூஞ்சிய மூணு மொழம் நீட்டிகினு போட்டீங்க.”

நினைவு வந்தது. காகித உறையைக் கிழித்துவிட்டு அப்படியே குத்துகிற அந்தப் பிளாஸ்டிக் ஊசி. “இதெல்லாம் ஒரு ஊசியா?” என்று கேட்டுக்கொண்டேதான் போட்டாள்.

டோல்கேட்டில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மீதி உறைத்தது. அதே பிளாஸ்க். அதே உருகின ஐஸ். அதே மருந்துப் பாட்டில். அதே கை. ஐஸ்தான் குற்றவாளி என்றால் ஷாலுவின் கோழிகளும் அல்லவா செத்திருக்கவேண்டும்? மாறியது ஒன்றே ஒன்று.

பஸ் ராயபுரம் வந்தது. வேம்பு இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, திருவொற்றியூருக்குப் போனாள். முப்பத்து மூன்று வருடத்தில் சொல்லாமல் போட்ட முதல் லீவு அது.

அன்பரசன் ஓர் ஆட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஊசிய எப்டிம்மா கழுவுவீங்க?” என்றார்.

வேம்பு சொன்னாள். சோப்பு, டெட்டால், ஸ்பிரிட். குழாய்த் தண்ணீர் படாமல் காப்பாற்றும் விதம். சொல்லச் சொல்ல, இத்தனை நாள் யாரும் கேட்காத ஒன்றை ஒருவர் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் அவள் குரல் ஏறியது. டாக்டரின் கை கட்டுத்துணியோடு நின்றுவிட்டதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

“இன்னா டாக்டரே, பத்தாதா?”

“பத்தாதா? அம்மா, இந்த மருந்து உயிரோட இருக்கிறது.”

“மருந்தா?”

“ஆமா. நோய்க்கிருமியையே பலம் குறைச்சு, உயிரோட வெச்சிருக்காங்க. அது கோழி உடம்புக்குள்ள உயிரோட போனாத்தான் கோழி அதோட சண்டை போட்டுப் பழகும். நீங்க ஊறப்போட்ட டெட்டாலும் ஸ்பிரிட்டும் ஊசிக்குள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்தாலே போதும், அது செத்துடும். கிருமியைக் கொல்லத்தானே டெட்டால்? இது நம்ம ஆளு, விட்டுடலாம்னு அதுக்குத் தெரியாது.”

“அப்ப நான் குத்தினது?”

“மருந்தக் கரைக்கிற வெறும் உப்புத்தண்ணி” என்றார் டாக்டர் மெதுவாக. “சும்மா தண்ணியில கொதிக்க வெச்சு ஆறவிட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. இல்லேன்னா ஷாலு கொண்டுவந்த மாதிரி உறையில வர்றது. அதுல கிருமியும் இல்ல, கிருமியக் கொல்ற மருந்தும் இல்ல. தப்பு எம்மேலயும் இருக்கு. குத்தக் கத்துக்குடுத்தேன், கழுவுறதப் பத்திக் கேக்கல. ஆஸ்பத்திரிக்காரங்களாச்சேன்னு விட்டுட்டேன்.”

வேம்பு ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐஸு?”

“முக்கால் மணி நேரத்துல அவ்வளவா ஒண்ணும் ஆகியிருக்காது. ஷாலு கோழிங்கதான் சாட்சி. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லம்மா. நீங்க வருத்தப்படாதீங்க.”

யாரும் சொல்லப்போவதில்லை என்பதில்தான் சங்கடமே. அழுக்கு என்ற ஒரு சொல் தன் பெயரை ஒட்டக்கூடாது என்று ஆயுசில் பாதியைத் தேய்த்துக் கழுவியவள் அவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெயர் அப்படியே பளபளவென்று இருக்கும். எதிர்வீட்டில் ஒருத்தி அதைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான். வேம்பு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் நாள் காலை தண்ணீர் லாரி வந்தது. எப்போதும் முதல் குடம் வைக்கிற மரியம் கடைசியில் போய் நின்றாள். பின்னால் வந்த முத்தம்மாவைப் பார்த்து, “நீ முன்னாடி போம்மா” என்று நகர்ந்துகொண்டாள். முத்தம்மாவுக்குச் செத்தது ஆறு கோழி.

வேம்பு தன் குடத்தைக் கீழே வைத்தாள்.

“முத்தம்மா, அவளுக்குப் பின்னால போ. எல்லாரும் கேட்டுக்கோங்கோ. ஐஸு இல்ல. நான்தான். என் ஊசியில இருந்த டெட்டாலு மருந்தக் கொன்னுடுச்சு. டாக்டராண்ட கேட்டுட்டு வந்தேன். மரியம் மேல ஒரு தப்பும் கெடயாது.”

லாரியின் குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

“டெட்டாலா?” என்றாள் முத்தம்மா. “சுத்தமா இருந்தா சாவுமா?”

“சாவும்.”

மரியம் முன்னால் வந்தாள். அவள் அழுவாள் அல்லது கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தவர்களை ஏமாற்றினாள்.

“ஐஸு உருகிடுச்சான்னு எல்லார் முன்னாடியும் கேட்டது நீதான?”

“நான்தான்.”

“டாக்டராண்ட என்னிக்குப் போனே?”

“வியாயக்கெயம.”

மரியம் விரல் விட்டு எண்ணினாள். “அப்ப இத்தினி நாளு தெரிஞ்சிகினே சும்மா இருந்தே.”

“இருந்தேன்.”

“நான் வூடு வூடா போயி மன்னிப்புக் கேட்டேனே. உன்னாண்டயும் வந்து கேட்டேனே. பெருசா ‘வுடுமே’ன்னு சொன்னியே!”

மரியம் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். வாசலில் நின்று, “டேய் பிலாலு, வெளிய வா. இப்ப சொல்லு உன் ஐஸு கதய” என்று அவள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வேம்பு பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இரண்டு மாதம் திரும்பவில்லை. வாசல் பெருக்கும்போது நேருக்கு நேர் பார்த்தால் ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள், மற்றவள் துடைப்பத்தைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் வேம்பு பாதித் தரையைத் துடைத்துவிட்டு மீதியை மறந்ததாக எல்சி கவலைப்பட்டார்.

நோய் முழுக்க ஓய்ந்து, தெருவில் புதுக் கோழிகள் வந்து சேர்ந்த பிறகு, ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேம்பு தானே போய் மருந்து வாங்கி வந்தாள். ஷாலுவின் கடையிலிருந்து ஒரு பெட்டி பிளாஸ்டிக் ஊசி. முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். எட்டு மணிக்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி, மருந்தைக் கரைத்தாள். கரைத்தால் ஒரு மணி நேரம்தான் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

யாரும் வரவில்லை. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன, மறைந்தன. எட்டரை ஆயிற்று. முத்தம்மா வாசலுக்கு வந்து, வானிலை பார்க்கிறவள்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எட்டே முக்காலுக்குக் கிண்ணத்தில் ஐஸ் பாதியாகிவிட்டது. உயிரோடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று வேம்புவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மரியம் ஒரு கூடையோடு வந்தாள். பின்னால் இரண்டு கையிலும் கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிலால். கூடையை இறக்கிவிட்டு மரியம் வேம்புவைப் பார்க்காமல், மருந்துப் பாட்டிலைப் பார்த்துக் கேட்டாள்.

“உயிரோட கீதா, செத்துடுச்சா?”

“கீது” என்றாள் வேம்பு. “இன்னும் கா மணி நேரம் இருக்கும்.”

“அப்ப இன்னாத்துக்குக் குந்திகினு கீறே? குத்து.”

வேம்பு உறையைக் கிழித்தாள். அவசரத்தில் அது கோணலாகக் கிழிந்தது. மரியம் ஒரு கோழியை எடுத்து மடியில் வைத்து இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“இன்னாமே முத்தம்மா! ஜன்னல்ல நின்னா ஊசி அங்க வராது. எடுத்தாமே கோயிய!”