இடது பக்கம் சொன்னது

என் இடது காது கேட்காது. ஆறு வயதில் காய்ச்சலோடு காதில் சீழ் வைத்தது. காய்ச்சல் போனபோது அந்தக் காதும் போய்விட்டது. இன்றைக்கு இதை யாரிடமும் தயங்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் இருபத்தொரு வயதில் கல்யாணமாகி வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்தபோது அது என் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. அப்பாவுக்குப் பாதிதான் தெரியும். கூப்பிட்டால் காதில் வாங்க மாட்டாள் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் சலித்துக்கொள்வார்.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா பாயைச் சுவரை ஒட்டிப் போட்டாள், என் இடது பக்கம் சுவர் வரும்படி. வந்தவர்கள் எல்லோரும் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். எந்த வகுப்பு வரை படித்தேன், சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்தபடி பதில் சொன்னேன். அடக்கமான பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைப் போடும்போது சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுப் பாடம் சொன்னாள்.

“ஒனக்குக் கேக்கலன்னா என்னன்னு திருப்பிக் கேக்காத. ரெண்டு தடவ கேட்டா கண்டுபிடிச்சிருவாங்க. லேசா சிரிச்சுக்கிட்டுத் தலைய ஆட்டிரு. சிரிச்ச மூஞ்சிய யாரும் கொற சொல்ல மாட்டாங்க.”

நாங்கள் இருந்த தெருவுக்குப் பின்னால் விசைத்தறிகள் ஓடின. காலையிலிருந்து கடகடவென்று ஒரே சத்தம். வந்த முதல் நாள் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தத் தெருவில் யாருமே மெதுவாகப் பேச மாட்டார்கள். எதிர்வீட்டுக்குச் சொல்வதைக்கூட தெருக்கோடிக்குச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காமல் போவதும் அங்கே சகஜம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே காதுகேளாத ஊராகிவிடும். அந்த நாட்களில் மட்டும் நான் எல்லோரையும்போல நடமாடுவேன்.

நான் பயந்தது கரண்ட் போகும் நேரத்துக்கு. கரண்ட் போனால் தறிகள் நின்றுவிடும். தெரு திடீரென்று அமைதியாகும். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உடனே எனக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பிக்கும். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், நான் எங்கே நகர வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் என் மாமியாருடன் காய் நறுக்க உட்கார்ந்தால் அவருக்கு இடது கைப்பக்கமாக உட்காருவேன். அத்தை இடம் மாறி உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்துபோய், திரும்பி வரும்போது நானும் மாறிக்கொள்வேன். கணவர் தாலுகா ஆபீசில் கிளார்க். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. அது ஒரு வகையில் வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. பிள்ளை உண்டாகவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்கள் மட்டும் எப்படியோ சரியாக என் வலப்பக்கம் வந்து நின்று கேட்டார்கள்.

மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தாள். வீட்டிலேயே ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். எனக்கு அந்தத் தெருவில் கிடைத்த முதல் சிநேகம் அவள்தான். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் என் குடத்தையும் வரிசையில் போட்டு இடம் பிடித்து வைப்பாள். அவளுடைய மூத்த மகளைக் கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெண் உண்டாகியிருந்தாள். அந்தச் செய்தியைச் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது ஒனக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு என்று நாள்கூடப் பார்த்துவிட்டார்கள்.

அன்று காலை குழாயடியில் நான் குனிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை. தறிச் சத்தம் நின்றிருந்தது. அக்கா என் இடது பக்கமாக வந்து, காதருகே முகத்தைக் கொண்டுவந்து ஏதோ சொன்னாள். கன்னத்தில் அவள் மூச்சுத்தான் பட்டது. நான் திரும்பும்போது உதடு கடைசி வார்த்தையை முடித்துக்கொண்டிருந்தது. ‘மகளுக்கு’ என்றதுபோல இருந்தது. வளைகாப்பு அந்த வாரம்தான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. பின்னால் நாலைந்து பேர் குடத்தோடு நின்றார்கள். என்னக்கா என்று கேட்டிருக்கலாம். அம்மா சொன்னபடி சிரித்தேன்.

“ரொம்ப சந்தோஷம்க்கா” என்றேன். “எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. பாதி நிறைந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்து, என்னவென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

மறுநாளிலிருந்து என் குடத்துக்கு யாரும் இடம் பிடிக்கவில்லை. நான் போனால் பேச்சு நின்றது. ஒரு பெண் இடுப்பில் இருந்த கைக்குழந்தையை மறுபக்கம் மாற்றி, முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடினாள். வெயிலுக்காக மூடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாள் வெயில் இல்லை. அப்போதும் மூடினாள். யாரிடம் கேட்பது, கேட்டால் எந்தப் பக்கம் நின்று பதில் சொல்வார்கள் என்பதே பெரிய யோசனையாக இருந்தது.

எட்டு, பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மருமகள்தான் சொன்னாள். என்னைவிடச் சின்னவள். துணி காயப்போடும் இடத்தில், நல்லவேளையாக என் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்க அப்படிச் சொல்லியிருக்கப்படாது மதினி. அந்தப் பிள்ளைக்குக் கலைஞ்சு போயி உசுரு பொழச்சதே பெருசுன்னு கெடக்கா. அவுகம்மா வந்து சொன்னா, ரொம்ப சந்தோஷம்னு சிரிச்சியளாமே. ஒங்களுக்குப் பிள்ள இல்லங்கதுக்காக அடுத்தவளுக்கும் இருக்கக்கூடாதா?”

கையில் இருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்தது. அதை எடுத்து மறுபடியும் அலசப் போட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். அடுத்தவள் பிள்ளையைப் பார்த்து வயிறெரிகிறவள் என்று தெரு என்னை நினைக்கிறது. உண்மையைச் சொன்னால் காதுகேளாதவளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீடு நினைக்கும். பிள்ளையும் இல்லை, காதும் இல்லை என்பார்கள். இரண்டில் எந்தக் கெட்ட பெயரோடு காலம் தள்ள முடியும் என்று அரிசி களையும்போதும் விளக்குத் துடைக்கும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தேன். அத்தையின் காதுக்கும் பேச்சு எட்டிவிட்டது. குழாயடியில் என்னமோ சொல்லுகிறார்களே என்று கேட்டார். நான் குனிந்தபடி அரிசியில் கல் பொறுக்கினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் அப்படிச் சொன்னது உண்மைதான் என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் அத்தை தூங்கும் நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் நூலிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளறையில் கட்டிலில் யாரோ படுத்திருப்பது தெரிந்தது. மகளை அழைத்து வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

நின்றபடியே சொன்னேன். இந்தக் காது சின்ன வயதிலிருந்தே கேட்காது, நீங்கள் சொன்னது ஒரு வார்த்தைகூட விழவில்லை, வளைகாப்பைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். அக்கா நம்பவில்லை. மூன்று வருடமாக என்னோடு பேசிக்கொண்டுதானே இருந்தாய் என்றாள். நான் எப்போதும் உங்களை வலப்பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசினேன் என்றேன். அது எனக்கே பொய்போலத்தான் கேட்டது.

அக்கா எழுந்து வந்தாள். என் முகத்தை வாசல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அக்கா முன்னால் வந்தாள்.

“நான் என்ன சொன்னேன்?”

“தெரியலக்கா.”

“எங்கம்மா உசுரோட இருந்தா என் நாக்க அறுத்திருப்பா, அப்படி ஒரு வார்த்த சொல்லி ஒன்ன ஏசுனேன். ஒம் மூஞ்சி ஒரு சுளிப்பு சுளிக்கல.” சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு வார்த்த சொல்லப்படாதாட்டி? காது கேக்கலக்கான்னு ஒரு வார்த்த.”

பிறகு என்னையும் உட்காரச் சொன்னாள். குழாயடியில் தானே எல்லோரிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். ஊர் என்னைத் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை என்றேன். அக்கா உள்ளறையைக் காட்டினாள்.

“ஊரு என்னமும் நெனைக்கட்டும். அவ நெனைக்காளே. தான் தின்ன சோத்துல யாரு கண்ணு பட்டுச்சோன்னு படுத்துக்கெடக்கா. அவகிட்ட நீதான் சொல்லணும்.”

நான் உள்ளே போனேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காதைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவள் திரும்பவில்லை. சொல்லி முடித்தபிறகு, நெசமாவா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. இனி யார் வாய் வழியாகவாவது வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கணவர் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து காப்பி குடிக்கும்போது சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வாசற்படியில் நின்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் கூப்பிட்டா பல தடவ நீ திரும்ப மாட்ட” என்றார். “நான் பேசுதது ஒனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். சரி, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பேச்சக் கொறச்சுக்கிட்டேன்.”

அவர் பேசாத மனிதர் என்று நான் மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அவரைப் பேசாதவராக ஆக்கியதே நான்தான். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்ததில், அந்த மனிதர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அன்று மனசு பாரம் குறையவில்லை. வேறு பாரம் ஏறியது.

அத்தையிடம் அவரே சொன்னார். அத்தை சத்தம் போடவில்லை. ஆள் விட்டு என் அம்மாவை வரச் சொன்னார். அம்மா வரும்வரை நாலு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாலு நாளும் நான் பெட்டியில் என் சேலைகளை எடுத்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன், அனுப்பிவிட்டால் எடுத்துக்கொண்டு போகத் தோதாக.

அம்மா வந்தாள். பஸ் தூசியோடு கூடத்தில் பாயில் உட்கார்ந்தாள். அத்தை எதிரே உட்கார்ந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

“ஏன் மறச்சிய?” என்று அத்தை கேட்டார்.

“சொல்லியிருந்தா எம் பொண்ண எடுத்திருப்பியளா?” என்றாள் அம்மா.

அத்தை யோசித்தார். நான் பயந்ததுபோல எதுவும் சொல்லவில்லை. சமாதானமாகவும் எதுவும் சொல்லவில்லை.

“மாட்டேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “ஏட்டி, ஒங்கம்மாவுக்கு எல போடு” என்றார். சத்தமாகத்தான் சொன்னார், இரண்டு காதுக்கும் சேர்த்து.

அதன்பிறகு அத்தை எனக்கு ஒரு புதுத் தொல்லை ஆனார். வீட்டுக்கு யார் வந்தாலும், பெயர் சொல்வதற்கு முன்னாலேயே, இவளுக்கு இந்தக் காது கேட்காது, அந்தப் பக்கம் உட்காருங்கள் என்று சொல்லிவிடுவார். பனவடலிசத்திரத்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் ஒருவர் அரைமணி நேரம் என்னிடம் கையை ஆட்டி ஆட்டிச் சைகையிலேயே பேசினார். கூசிப்போனேன். ஆனால் உள்ளங்கை வேர்ப்பது மெல்லக் குறைந்தது. திருநெல்வேலியில் காது டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நாலு வருடம் கழித்து எனக்கும் ஒரு பெண் பிறந்தாள். குழாயடியில் அக்கா எத்தனை தடவை எடுத்துச் சொல்லியும், முந்தானையால் குழந்தையை மூடிய அந்தப் பெண் மட்டும் கடைசிவரை மாறவில்லை. நாங்கள் அந்தத் தெருவைக் காலி செய்யும்போது அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். அப்போதும் என்னைக் கண்டால் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அத்தை இலை போடச் சொன்ன அன்று சாயங்காலமே அம்மா ஊருக்குக் கிளம்பினாள். நான் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். அத்தை சாப்பாட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை, அப்பளம்கூடப் பொரிக்கச் சொன்னார். ஆனாலும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வாசுதேவநல்லூர் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த அம்மா, கம்பி வழியாக என் கையைத் தொட்டாள்.

“ஏட்டி, ஒங்க அத்த என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பாவ?”

தெரியலம்மா என்றேன். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். அம்மா அதற்கும் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் அது எந்தக் காதிலும் விழவில்லை. நான் சிரிக்காமல், என்னம்மா, என்னம்மா என்று கேட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் பஸ்ஸோடு நடந்தேன்.