பொருந்தாத சில்லுக்கு ஒரு காவடி

எங்கள் அண்ணைக்கு அப்போது கடவுள் இல்லை. கரம்பொன்னில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அம்மா சாமிப்படத்துக்கு விளக்கேற்றும் நேரம் பார்த்து, எண்ணெய் என்ன விலை என்று கேட்பார். அப்படிப்பட்டவர் காவடிக்கு நேர்ந்தாரென்றால், அதற்குக் காரணம் என்னுடைய இடது முழங்கால்தான்.

எனக்குப் பத்து வயது. ஊர்காவற்றுறையிலிருந்து என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி வீட்டுக்குக் கூட்டிவந்துகொண்டிருந்தார். சோளகக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. "இஞ்சை பார் தங்கச்சி" என்று இரண்டு கையையும் விட்டார். எங்கிருந்தோ ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முழங்கால் வீங்கிவிட்டது. பட்டணத்தில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், முழங்கால் சில்லு இரண்டாக முறிந்துவிட்டது என்று சொல்லி, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாக்கட்டுப் போட்டார். பார்க்க வந்த மாமி, "பொம்பிளைப் பிள்ளை. நொண்டினால் நாளைக்கு ஆர் கட்டுவான்?" என்று அண்ணைக்குக் கேட்கும்படியே சொன்னார். அண்ணை எழுந்து கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். நேராக அம்மாவிடம் போய், "சில்லு பொருந்தட்டும். நயினாதீவு அம்மாளுக்குக் காவடி எடுக்கிறன்" என்றார். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டார்.

மாக்கட்டு இருந்த காலம் முழுக்க நான்தான் அந்த வீட்டை அரசாண்டேன். நுங்கு கேட்டால் நுங்கு வந்தது. கதிரையோடு தூக்கி முற்றத்தில் வைக்கச் சொன்னால் அண்ணை வைப்பார். வெயில் பட்டால் வேம்புக்குக் கீழே மாற்றுவார். சைக்கிளை மட்டும் தொடவில்லை. என்னோடு பேசும்போது முகத்தைப் பார்ப்பார், காலைப் பார்க்கமாட்டார். கட்டு நாறுகிறது போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

கட்டை வெட்டிய அன்று மறுபடி படம் எடுத்தார்கள். சில்லில் அந்த முறிவுக் கோடு அப்படியே இருந்தது. அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு இருந்தவர் வேறொரு டொக்டர், வயதானவர். அவர் என் இரண்டு காலையும் மாறிமாறி மடக்கிப் பார்த்துவிட்டு, நோகாத காலையும் படம் எடுக்கச் சொன்னார். அதிலும் அதே இடத்தில் அதே கோடு.

"இது முறிவில்லை. சில பிள்ளையளுக்குச் சில்லு ஒண்டாச் சேராமல் ரண்டு துண்டாவே வளரும். இனியும் சேராது, சேரவும் தேவையில்லை. பிள்ளை ஓடட்டும்" என்றார்.

அண்ணை அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து பெரிதாக அழுதார். இத்தனை நாள் எனக்குச் செய்த வேலையெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று அழுகிறார் என நினைத்தேன். பாவமாக இருந்தது. "இனி நுங்கு வேண்டாம் அண்ணை" என்றேன். அதற்கு இன்னும் கூட அழுதார்.

அம்மா நியாயமானவர். "அம்மாள் ஒண்டும் பொருத்தேல்லைத்தானே, தம்பி. நேர்த்தி செல்லாது, விடு" என்றார்.

"எடுக்கிறனெண்டால் எடுக்கிறன்" என்றார் கடவுள் இல்லாத அண்ணை.

ஆனி மாதத்துத் திருவிழாவுக்கு வள்ளமேறி நயினாதீவுக்குப் போனோம். சிவப்புச் சட்டைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அண்ணை அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தவில் முழங்க, தோளில் காவடியோடு சுழன்று சுழன்று ஆடினார். நான் பக்கத்தில் ஓடி ஓடிக் களைத்துப்போனேன். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் கணக்குப் பிழைத்த ஆளிடம் அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்று பட்டது. கிட்டப்போய், தவிலுக்கு மேலாகக் கத்தினேன்.

"அண்ணை, சில்லு பொருந்தேல்லை! பிறகேன் ஆடுறியள்?"

"ஓமடி, பொருந்தேல்லை!" என்று சிரித்து, என் கால்களை நன்றாகப் பார்த்துக்கொண்டே முன்னிலும் வேகமாக ஆடினார்.

எனக்குப் பணிவிடை செய்து செய்து அண்ணைக்கு மூளை கொஞ்சம் கலங்கிவிட்டது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.