பாராத தைராய்டு

ஆளைப் பார்க்காமல் ஆளின் எலும்பைப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. உத்திரமேரூரில் என் எக்ஸ்ரே அறையில் விளக்கைத் தணித்து உட்கார்ந்தால், பட்டப்பகலிலேயே கனவுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். சில்லென்ற அந்த மேஜையில் படுத்து எழுந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மெஷின் மேல் பழி

பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து வந்த தனத்துக்கு இருபது வயசு இருக்கும். போலீஸ் செலக்‌ஷனுக்காக ஏரிக்கரையில் ஓடிப் பழகுகிறவள். பஸ் படியிலிருந்து சாதாரணமாக இறங்கியதற்கே பாதத்தில் எலும்பு முறிந்துவிட்டது. படத்தைப் பார்த்தால் முறிவு மட்டுமில்லை, எலும்பே மார்கழிப் பனியில் தெரியும் வரப்பு மாதிரி மங்கிக் கிடந்தது. மெஷின்தான் கோளாறு என்று திட்டிக்கொண்டே மறுபடி எடுத்தேன். அதே பனி. அவள் அப்பா ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எம்பொண்ணு ஆடினாளா, உங்க மெஷினு ஆடிச்சா?"

கழுத்து

சுண்ணாம்புச் சத்து குறைச்சல் என்று ஊரே முடிவு கட்டி, கேழ்வரகும் பாலும் மாத்திரையுமாக அவளை ஒரு வழி பண்ணியிருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் சுண்ணாம்பு எக்கச்சக்கம்! எங்கள் டாக்டர் ஏழுமலையை உட்காரவைத்துச் சொன்னார்: "கழுத்துல தைராய்டுக்குப் பின்னால பாராதைராய்டுன்னு குட்டிச் சுரப்பிங்க இருக்கு. அதுல ஒண்ணுல கட்டி. அது எலும்புல இருக்கற சுண்ணாம்பை உருவி ரத்தத்துல விடுது. எடுத்துட்டா எலும்பு தேறிடும்."

ஏழுமலை காதில் அது 'பாராத தைராய்டு' என்று விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"நாங்க காலயே பாத்துக்கினு இருந்தோம் சார், கழுத்த எவன் பாத்தான்?"

பசி

சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வேண்டாமென்று நிறுத்திய அதே சுண்ணாம்பு மாத்திரையை இப்போது கைநிறையக் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்திலிருக்கிற சுண்ணாம்பையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம். ஏழுமலைக்கு ஒரே பேஜார்.

"குடுன்றீங்க, குடுக்காதன்றீங்க, எலும்பு என்னைக் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

போட்டோ

அந்த வருஷ செலக்‌ஷன் கையைவிட்டுப் போனது. பல மாசம் கழித்து, தனம் நொண்டாமல் நடந்து வந்தாள். "ஓட முடியுமாக்கா?" என்று கேட்டுவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தாள். திரையில் படம் மெல்ல விரிந்தது. ஒவ்வொரு எலும்பும் கோடு போட்டது போல வெள்ளை வெளேரென்று நின்றது. அப்பாடா! எழுந்து வந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த செலக்‌ஷனுக்கு இந்தப் போட்டோவத்தான் ஒட்டப்போறேங்க்கா, எம்மூஞ்சிய விட இதான் நல்லா கீது."

படத்தைப் பற்றி டாக்டர் சொல்வதற்கு முன்னால் நாங்கள் வாய் திறக்கக் கூடாதென்பது இந்தத் தொழிலின் விதி. பல் தெரியக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.