கேக்கிலிருந்து விழுந்தவள்

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரிலிருந்து ஆர்டிஸ் குவிம்பி ஹாலிவுட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. படங்கள் பேசத் தொடங்கிய புதிது. எல்லா ஸ்டூடியோவும் பாட்டும் சிரிப்புமாகப் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்ததால், ஆடத் தெரிந்த பெண்ணுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு படத்தில் கூட்டமாக ஆடிய நாற்பது பேரில் அவளும் ஒருத்தி.

படத்தின் கடைசியில் ஒரு கல்யாணக் காட்சி. மாடி உயரத்துக்குப் பலகையால் கேக் ஒன்று கட்டி, வெள்ளையடித்து, ஒவ்வொரு அடுக்கிலும் பெண்களை நிற்கவைத்தார்கள். ஆர்டிஸ் மூன்றாவது அடுக்கில். ஆட்டம் படமாகும்போதே பாட்டும் பதிவாகும்; யாராவது இருமினால்கூட எல்லாம் பாழ். அவள் காலடிப் பலகை கழன்று ஆடுவதைக் கீழே நின்ற தச்சர் பார்த்துவிட்டார். கத்தவில்லை, கையை மட்டும் ஆட்டினார். கண்ணைக் கூசவைத்த விளக்குகளுக்கு நடுவே அது அவளுக்குத் தெரியவில்லை.

விழுந்தபோது அவளும் கத்தவில்லை. அடுக்கடுக்காக உருண்டு, மாப்பிள்ளை வேஷம் போட்ட நடிகரின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி அவளுக்குக் குனிந்து மரியாதை செய்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். பாட்டு முடியும்வரை பல் தெரியச் சிரித்தபடி அப்படியே இருந்தாள். பிறகுதான் எழுந்திருக்க முடியவில்லை என்பது தெரிந்தது.

இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப்போனது. இயக்குநர் பூங்கொத்தோடு பார்க்க வந்தார். அவள் விழுந்த இடத்தைப் படத்திலிருந்து வெட்டவில்லை என்றும், தியேட்டரில் சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம் ஆகிறது என்றும் சொன்னார்.

"வலிக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியலம்மா. அவ்வளவு நல்லா சிரிச்சிருக்கே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்பதால் ஆர்டிஸ் விபத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. படம் ஊருக்கு வந்தபிறகு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், தனக்கு மட்டும் உயிரே போய்விட்டது, நிஜமாகவே விழுந்தாயா என்று கேட்டிருந்தாள்.

கூடத் தங்கியிருந்த வில்டா, உண்மையை எழுதச் சொன்னாள். "இன்னிக்கு மறைச்சா காலம் பூரா மறைக்கணும்டி" என்றாள்.

ஆர்டிஸ் கேட்கவில்லை. அது இரண்டு வாரம் பழகிச் செய்த வித்தை, கீழே மெத்தை போட்டிருந்தார்கள், நாற்பது பேரில் தன்னைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதினாள். அம்மா அந்தக் கடிதத்தை ஊர் முழுக்கப் படித்துக் காட்டினாள்.

அதன்பிறகு எப்படி நொண்டிக்கொண்டு ஊருக்குப் போவது? ஸ்டூடியோவின் தையல் அறையில், மற்றப் பெண்கள் ஆடப்போகும் உடைகளுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு சாக்கு எழுதினாள். இப்படியே ஏழு வருடம். எட்டாவது குளிர்காலத்தில் அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. கைத்தடியோடு ரயிலேறினாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புக்கடை ஆரின் டிபெட்ஸ் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா அந்தப் படத்த எங்கூட ஆறு தடவ பாத்தாங்க. நீ விழற இடம் வந்தா என் கைய இறுக்கிப் புடிச்சுக்குவாங்க. 'கீழ மெத்த இருக்கு, மெத்த இருக்கு'ன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

அவர் போனபிறகு தம்பி லைல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைத்தடியைப் பார்த்தான்.

"எப்பக்கா இது?"

"அன்னிக்குத்தான். மெத்தயெல்லாம் ஒண்ணுமில்ல."

லைல் கைத்தடியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "வந்திருக்கலாமேக்கா. அம்மா ரெண்டு திட்டு திட்டிட்டு, உக்காரவச்சு கால நீவி விட்டிருப்பாங்க. அவ்வளவுதான்."

விழுந்த நாளிலும் ஆஸ்பத்திரியிலும் அழாதவள், அந்தக் கீழ்த்தளத்தில் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதாள். அம்மாவுக்காக அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

லைல் கூடவே இருந்துவிடச் சொன்னான். இரண்டு வாரம் இருந்து, அம்மாவின் உடைகளைப் பிரித்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, தையல் அறைக்கே திரும்பிப் போனாள். வில்டா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆர்டிஸ் இன்னும் பத்தொன்பது வருடம் அங்கே ஊசி பிடித்தாள். அந்தப் படத்தை மட்டும் அவள் கடைசிவரை பார்க்கவேயில்லை.