மூக்கு அரித்தபோது

புனே பக்கத்தில் தேஹு ரோடு ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இடது கால் செருப்பு நான்கு படி கீழே கிடந்தது. கழன்றதே காலுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் வந்த வயிற்றுப்போக்கின் அசதி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் முழங்கால் வரை மரத்துப்போயிற்று. அன்று மாலை கழிப்பறையிலிருந்து எழ முடியவில்லை. மனைவி செல்விதான் தூக்கிவிட்டாள்.

மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் சிறு சுத்தியால் என் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார். "காகா (சித்தப்பா), இது இன்னும் மேலே ஏறும். அப்புறம் நிற்கும். அப்புறம் மெதுவாக இறங்கும்" என்று இந்தியில் சொன்னார். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கைகளும் போயின. மூச்சு மட்டும் தப்பியது.

இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். காலில் தொடங்கிய மரமரப்பு மேலே ஏறினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இதைச் சொல்வது எளிது. மற்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் ராணுவத் தளவாடக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் வாழ்க்கைத் தத்துவம் அனுப்புகிறவன். என்னோடு வேலை பார்த்த முருகேசனுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது). ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசுவேன்.

"வாழ்றதுக்கு ஒரு நோக்கம் வேணும்டா. உனக்கு அது இல்ல. அதான் நோய் உன்னப் புடிச்சு வச்சிருக்கு."

ஒரு முறை அவன் மனைவி டீயோடு நின்றபோதே இதைச் சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லது சொன்ன திருப்தியில் நான் டீயைக் குடித்தேன்.

மருத்துவமனையில் எனக்கு இருந்த ஒரே நோக்கம், மலத்தட்டு நேரத்துக்கு வரவேண்டும் என்பது. ஒரு நாள் தாமதமானது. வார்டு முழுக்கக் கேட்கும்படி செல்வியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

"திட்டுங்க. இடுப்ப மட்டும் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.

"தூக்க முடிஞ்சா நான் ஏன்டி..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். அவள் துடைத்து முடிக்கும்வரை அழுதேன்.

அந்த வாரமே முருகேசன் வந்தான், டயாலிசிஸ் இல்லாத நாளில். என் வார்த்தைகளை எனக்கே திருப்பிச் சொல்வான் என்று பயந்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"எங்கயாச்சும் அரிக்குதாடா?"

மூக்கு அரித்துக்கொண்டிருந்தது, வெகுநேரமாக. யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லக் கூச்சம். அவன் சொறிந்துவிட்டான். "இங்கயா? இன்னும் மேலயா?" ஊசி குத்திக் குத்திப் புடைத்த அவன் முன்கை என் கண்ணுக்கு மேலே இருந்தது. மூன்று வருடத்தில் அந்தக் கையை நான் ஒரு முறையும் சரியாகப் பார்த்ததில்லை.

"நான் அப்படியெல்லாம் பேசுனப்ப உனக்குக் கோவம் வரலையாடா?"

"வராம? நீ போனப்புறம் உன்னத் திட்டிட்டுதான் நாங்க ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

"அப்புறம் ஏன்டா கதவத் தொறந்த?"

"மத்தவன்லாம் வர்றத நிறுத்திட்டான். நீ வந்த. உன் பேச்சு சகிக்கல. ஆனா வந்த."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவன் முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எட்டு மாதமாகிறது. கம்பு ஊன்றி நடக்கிறேன். குழுவில் ஏன் ஒன்றும் அனுப்புவதில்லை என்று கேட்கிறார்கள். விரல் வரவில்லை என்கிறேன். அது பொய். தட்டச்சு செய்யுமளவுக்கு வந்துவிட்டது.

பாதத்துக்கு இன்னும் தரை தெரிவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் வைக்கிறேன். சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. செல்வி கை கொடுத்தால் மறுப்பதில்லை. சில நாள் மூன்றாவது பொத்தானில் விரல் நின்றுவிடும். அப்போது கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பேன், அந்தக் கை மறுபடி என்னுடையதாகும்வரை.