வேலியோரம் வைத்த சங்கு

அப்பாவின் ரெக்சின் பையைத் திறந்தால் எப்போதும் டீசல் வாசம்தான் வரும். அந்தப் பொங்கலுக்கு மட்டும் கருவாட்டு வாடை தூக்கலாக அடித்தது. திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ‘ரிக்கு’ வண்டிக்குப் போகிறவர்கள், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, ‘நோம்பி’ என்று நாங்கள் சொல்லும் பண்டிகை நாளுக்கு மட்டும் வந்து தலைகாட்டுகிறவர்கள். அப்பாவின் வண்டியை அந்த வருடம் கப்பலில் ஏற்றி அந்தமானுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் சொல்லும் கதைகளைக் கேட்கத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வாசலில் கூடினோம். பொழுது சாய்ந்தால் கிளிகள் வந்து அடையும் தீவு, மணலில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் ஆமை, தென்னையில் ஏறும் நண்டு என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், சேறு பொங்கும் மண் எரிமலைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “ரிக்கே போடாம பூமி தானாச் சேறு கக்குது சாமி! நாங்க அத்தன பேரும் வாயப் பொளந்துட்டு நின்னோம்.” பூமியைத் துளைத்தே பிழைத்த மனிதருக்கு அதைவிடப் பெரிய அதிசயம் இருந்திருக்காது.

எனக்கென்று அவர் கடற்கரையில் பொறுக்கி வந்த சங்கு, பேச்சுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. உள்ளிருந்து சிவந்த கால்கள் நீண்டன. காலியான சங்கில் குடியேறி வாழும் நண்டு அது. “நம்மளாட்டமே வாடகை ஊட்டுல இருக்குதுங்க” என்று அம்மா சிரித்தாள். அன்றே அதற்குக் ‘குடித்தனக்காரன்’ என்று பெயர் விழுந்தது. அப்பாவுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. “காலிச் சங்குன்னு நெனச்சு ஒரு உசுரத் தூக்கிட்டு வந்துட்டனே” என்று புலம்பினார். திரும்பிப் போகும்போது எடுத்த கரையிலேயே விட்டுவிடுவதாகச் சொல்லி, ஈர மணலும் தேங்காய்ச் சில்லும் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்.

நண்டு இல்லாமல் அப்பா கிளம்பமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவரை அழைத்துப்போக வேன் வரும் நாளன்று அதை எடுத்துத் தூக்குப்போசியில் போட்டு, இறுக மூடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அப்பா கட்டிலுக்கு அடியிலும் அடுப்படியிலும் தேடினார். வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. “நீ பாத்தியா சாமி?” என்றார். “இல்லீங்கப்பா” என்றேன். அப்பா போய்விட்டார்.

அழுது அழுது தூங்கிப்போனவளுக்கு மறுநாள் காலையில்தான் போசி ஞாபகம் வந்தது. திறந்தபோது நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து, மெத்தென்ற உடம்போடு செத்துக் கிடந்தது. அம்மா திட்டவில்லை. கிளுவை வேலியோரம் அதைப் புதைத்துவிட்டு, “அப்பாகிட்டச் சொல்லிப்போடாத. கடலத் தாண்டி ஒத்தையில கெடக்கற மனுசன்” என்றாள். நண்டு அடுப்படியிலேயே கிடைத்துவிட்டதாக அப்பாவிடம் போனில் சொன்னோம். ஒவ்வொரு முறை போன் வரும்போதும் அப்பா குடித்தனக்காரனை விசாரிப்பார். “தேங்கா திங்குதுங்கப்பா” என்பேன். பொய் சொல்வது பழகிவிட்டது.

அடுத்த பொங்கலுக்கு அப்பா அதைவிடப் பெரிய சங்கு ஒன்றோடு வந்தார். “வளர வளர அது ஊடு மாத்தோணுமாம் சாமி. இது காலிதானான்னு நல்லாப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்” என்றார். “நேத்துத்தானுங்க வேலிப்பக்கமாப் போச்சு, அப்பறம் காணோமுங்க” என்று அம்மா சமாளித்தாள். அப்பா சங்கைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்தார், நாங்கள் அதைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. லீவு முடியும்வரை தினமும் எழுந்ததும் போய்க் குனிந்து பார்த்தார்.

அந்த வாடகை வீட்டையே அப்பா பிறகு வாங்கினார். கிளுவை வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்தது. முழங்கால் வலியால் அப்பாவின் ரிக்குப் பயணம் நின்றது. அம்மாவும் இறந்துவிட்டாள், உண்மை தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். சங்கு மட்டும் சுவரோரம் அதே இடத்தில் இருக்கிறது. போன மாதம் என் மகள் அதைக் கையிலெடுத்து, இது யாருடையது என்று கேட்டாள்.

“உங்கம்மாளோட நண்டுக்கு வெச்சது கண்ணு. ஆனா இத்தன வருசத்துல அது நல்லா வளந்திருக்கும்” என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். “இந்தச் சங்கு இனி அதுக்குப் பத்துமா சாமி?”

“பத்தாதுங்கப்பா” என்றேன்.