பழவேற்காட்டில் மலை தேடியவன்

எந்த ஊருக்கு என்ன ஆபத்து என்று கணக்கெடுப்பது என் உத்தியோகம். முதல் ஆபத்து படிவம்தான். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிய புண்ணியவான்களுக்கு இது புரியும்.

மலை எங்கே?

நீலகிரியில் மண்சரிவுக்கு ஆளாகும் ஊர்களைக் குறித்துவிட்டு வந்த என்னை, அதே படிவத்தோடு பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். 'அருகிலுள்ள மலை எவ்வளவு தூரம்?' என்பது முதல் கேள்வி. வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஏழுமலையிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மலைன்னா இங்க நான்தான் சார். ஏழு இருக்கு, உனக்கு எது வேணும்?"

ஒரு 'இல்லை'

அடுத்த கேள்வி, 'மண்சரிவு உண்டா?' 'இல்லை' என்று எழுதப்போன என்னைத் தடுத்தவர் அவர் மனைவி செல்வி. ஏரியில் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர். படகு போக ஆழப்படுத்திய கால்வாயின் விளிம்பு தண்ணீருக்கடியில் பொலபொலவென்று சரிகிறதாம். போன வாரம் அதோடு போன தங்கச்சியை முடியைப் பிடித்துத்தான் இழுத்தாராம். நான் 'இல்லை' என்று எழுதினால் ஊரே பட்டியலிலிருந்து போய்விடும். ஓர் எச்சரிக்கைக் கம்புகூட வராது.

"மேலேர்ந்து உழுந்தாத்தான் சரிவா சார்? காலுக்குக் கீழ போறதுக்கு இன்னா பேரு வெப்பீங்க?"

நேரில் பார்த்தது

பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். முழங்கால் தண்ணீர்தான். இறால் போடும் பறியைப் பல்லில் கவ்வியபடி முன்னால் போன செல்வி, கையைக் காட்டி நிற்கச் சொன்னார். படித்தவனாயிற்றே, இன்னும் ஓரடி வைத்தேன். கால் போன இடத்தில் தரை இல்லை. கழுத்துவரை தண்ணீர். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்ட பிறகுதான் பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"இப்போ எழுதுவியா சார்?"

'உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மேலதிகாரி

"பழவேற்காட்டில் மண்சரிவா? வெயில் தலைக்கேறிடுச்சாய்யா?" என்று போனில் சிரித்தவர், நேரில் வந்து மூங்கிலால் குத்திப் பார்த்தார். மூங்கில் அவர் கையை விட்டே போய்விட்டது. மழைக்கு முன்னால் விளிம்பு நெடுக சிவப்புக் கம்புகள் நட்டாயிற்று. கம்புக்கு இந்தப் பக்கம் செல்வியும் தங்கச்சியும் பயமில்லாமல் இறால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மீன்பிடிக்கும் இடத்தை அங்கே 'பாடு' என்பார்கள். இந்த இடத்துக்கும் பேர் வைத்தாயிற்றா என்று செல்வியிடம் கேட்டேன்.

"வெச்சாச்சு சார். 'சார் உழுந்த பாடு'ன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் நிலைத்து நிற்கும் ஒரே இடம், நிலைதடுமாறி விழுந்த இடம்தான்.